காரின் கார்பெட்டையும் மேட்டையும் வாசலிலேயே சுத்தம் செய்வது எப்படி?

காரை வெளியே கழுவும்போது ஊற்றுகிற தண்ணீர் தரையில் ஓடிவிடும். உள்ளே கார்பெட்டில் ஊற்றினால் அது எங்கேயும் ஓடாது. கார்பெட்டுக்கு அடியில் தடிமனான ஃபெல்ட்டோ ஃபோமோ இருக்கும், அதற்கும் கீழே இரும்புத் தகடு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி தெரிந்தாலும், அடியில் இருக்கும் ஃபெல்ட் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சென்னை மாதிரி காற்றிலேயே ஈரம் நிற்கிற ஊரில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை வாடை கிளம்பிவிடும். அப்புறம் தகடு துருப்பிடிக்கும், சீட்டுக்கு அடியில் போகும் வயர் கனெக்டர்களில் பச்சை பூக்கும்.

ஷெட் வைத்திருப்பவருக்குச் சீட்டைக் கழற்றிப் போட இடம் உண்டு. இரவு முழுக்க ஃபேன் போட்டுக் காயவைக்கலாம். வீடு வீடாகப் போய்க் கார் சுத்தம் செய்கிற உங்களுக்கு இருப்பது ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கும் மூன்று நான்கு மணி நேரமும்தான். ஆகவே, திரும்ப உறிஞ்சி எடுக்க முடிகிற அளவு தண்ணீரை மட்டும் கார்பெட்டில் விடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கிளம்பும் முன் போனில் கேளுங்கள்

என்ன கார், ஐந்து பேர் உட்காருவதா ஏழு பேர் உட்காருவதா, எங்கே நிற்கிறது, பக்கத்தில் பிளக் பாயின்ட் உண்டா, பார்க்கிங்கில் வேலை செய்ய அசோசியேஷன் விடுமா: இவை எல்லோரும் கேட்பவை. பலர் கேட்காமல் விடுவது, உள்ளே என்ன கொட்டியது, எப்போது கொட்டியது என்பதை. "ஏதாவது கொட்டுச்சா சார்?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லப்பா, சும்மா தூசிதான்" என்பார்கள். குழந்தை வாந்தி எடுத்ததைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் பெயர் சொல்லியே கேளுங்கள்: "பால், மாவு, சாம்பார், எண்ணெய், வாந்தி, இதுல ஏதாவது உண்டா மேடம்? தெரிஞ்சா அதுக்கு வேண்டிய மருந்தை எடுத்துட்டு வருவேன்." இப்படிக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

நேரம் காலை எட்டு மணிக்கு முன்பாக இருக்கட்டும். மதிய வெயில் காயவைக்கும் வேலைக்கு வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் தண்ணீர் படும் கார்பெட் வேலையை ஒத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. அந்த நாட்களில் வேக்யூமும் மேட்டும் மட்டும் செய்து கொடுங்கள், மழை விட்டதும் மிச்சத்தைச் செய்யலாம்.

வண்டியில் என்ன இருக்க வேண்டும்

முதல் செலவு, ஈரத்தையும் உறிஞ்சும் வேக்யூம். 1200 வாட்டிலிருந்து 1400 வாட் வரை, 15 முதல் 20 லிட்டர் டாங்க் உள்ளது போதும். தூசி எடுக்கும்போது துணி ஃபில்டர், தண்ணீர் உறிஞ்சும்போது அதைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இதை மாற்ற மறந்தால் ஃபில்டர் சேறாகி மோட்டார் திணறும். தண்ணீரைத் தெளித்து உடனே உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டர் மெஷின் வாங்க முடிந்தால் வேலை பாதியாகும், ஆனால் தொடக்கத்தில் அது இல்லாமலே நல்ல வேலை செய்யலாம்.

அடுத்து எக்ஸ்டென்ஷன் வயர். இதில் காசைப் பார்க்காதீர்கள். வேக்யூம் ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷர் அதற்கும் மேல். மெல்லிய வயரைச் சுருள் பிரிக்காமல் போட்டு வேலை செய்தால் சுருளுக்குள்ளேயே சூடேறி உருகும். முழு வயரையும் பிரித்துப் போடுங்கள், ஈரம் படும் இடத்திலிருந்து ஜாயின்டைத் தள்ளி வையுங்கள்.

மற்றபடி மென்மையான பிரஷ் ஒன்று, நடுத்தரமானது ஒன்று, பழைய டூத்பிரஷ், மைக்ரோஃபைபர் துணி ஒரு கட்டு, ஸ்பிரே பாட்டில்கள், டார்ச், முழங்காலுக்குப் போட ஒரு தலையணை. மருந்து, அதாவது சுத்தம் செய்யும் திரவம் என்று பார்த்தால் ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒன்று, என்சைம் கிளீனர் ஒன்று, வெள்ளை வினிகர் ஒரு பாட்டில். ஆல் பர்ப்பஸ் கிளீனரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தொடங்குங்கள். கேனில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். மருந்து கூடினால் சுத்தம் கூடாது. நாருக்குள் தங்கும் சோப்பு பிசுபிசுவென்று இருந்து புதுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்த இரண்டாவது வாரமே கார்பெட் கறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், காய்ந்ததும் கறுப்புக் கார்பெட்டில் வெள்ளையாகப் பூக்கும். மருந்து கலக்கவும் கடைசியாக அலசவும் கேன் தண்ணீர் எடுத்துப் போங்கள். மேட்டைக் கழுவ அந்த வீட்டுத் தண்ணீரே போதும்.

முதலில் கை, பிறகுதான் மெஷின்

வேலை தொடங்கும் முன் உள்ளே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கிழிசல், சிகரெட் பொசுங்கல், வெளிறிய இடம் எல்லாம் தெரிய வேண்டும். வாடிக்கையாளரையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

பிறகு டார்ச் பிடித்துக்கொண்டு சீட்டுக்கு அடியில், சீட் தண்டவாளத்தில், நடு கன்சோலுக்கும் சீட்டுக்கும் இடையே உள்ள சந்தில் கையால் தேடுங்கள். சில்லறை, சாவி, பென்டிரைவ் கிடைக்கும். முக்கியமாகத் தோட்டின் திருகாணி. மல்லிகை சைஸில்கூட இருக்காது, வேக்யூம் ஒரே இழுப்பில் விழுங்கிவிடும். பவுன் விற்கிற விலைக்கு ஒரு திருகாணி தொலைந்தது என்றால் உங்கள் ஒரு நாள் கூலியும் பேரும் சேர்ந்து போகும். கிடைத்ததையெல்லாம் ஒரு ஜிப் கவரில் போட்டு, வேலை முடியும் முன்பே அவர் கையில் கொடுங்கள். வேக்யூம் டாங்கைக் கொட்டும்போதும் செய்தித்தாளில் கொட்டி ஒரு தடவை கிளறிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

முன் சீட்டுகளுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்ட லைன். அதைக் கழற்றாதீர்கள், இழுக்காதீர்கள், அங்கே ஸ்பிரே அடிக்காதீர்கள். கழற்றியபடி இக்னிஷன் போட்டுவிட்டால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சர்வீஸ் சென்டருக்குப் போனால்தான் அணையும். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற வயர் எது தெரிந்தாலும் கிட்டேயே போக வேண்டாம். சில ஹைப்ரிட் கார்களில் பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் ஜன்னல் இருக்கும், அதற்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.

மேட்டை முதலில் முடியுங்கள்

மேட் காய நேரம் வேண்டும், அதனால் அதைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுத்தான் கார்பெட்டுக்கு வர வேண்டும்.

ரப்பர் மேட் எளிது. தட்டி, கிளீனர் அடித்து, பிரஷ் போட்டு, கழுவினால் முடிந்தது. நூடுல்ஸ் மேட்டின் சுருள்களுக்குள் மண் கிலோக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதைத் தலைகீழாகப் போட்டு முதுகில் அடித்து முதலில் மண்ணை உதிருங்கள், பிறகு பிரஷர் வாஷரைச் சாய்த்துப் பிடித்து அடியுங்கள். நேராகக் கிட்டே பிடித்தால் சுருள் பிய்ந்துவரும். துணி மேட் என்றால் வேக்யூம், மருந்து, பிரஷ், அலசல், உறிஞ்சல், அப்புறம் கொடியில் தொங்கல்.

கவனம் வேண்டியது இப்போது பல கார்களில் போடும் 7டி மேட்டுக்கு. மேலே ரெக்சின், உள்ளே ஃபோம், குறுக்கும் நெடுக்கும் தையல். தையல் ஓட்டை ஒவ்வொன்றும் தண்ணீர் உள்ளே போகும் வழி. பிரஷர் வாஷரைக் காட்டவே கூடாது. ஈரத்துணியும் மென்மையான பிரஷும் வைத்து மேலாகத் துடைத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். கடும் வெயிலில் போட்டால் ஓரம் வளைந்து, திரும்பக் காரில் சரியாக உட்காராது. மேலே ஒட்டியிருக்கும் புல் மாதிரியான லேயரைத் தனியாகக் கழற்றித் தாராளமாகக் கழுவலாம்.

கார்பெட்: உலர்ந்த வேலைதான் பெரிய வேலை

கார்பெட் அழுக்கில் பெரும்பகுதி மண்ணும் தூசியும்தான். அதை உலர்ந்த நிலையில் எடுத்தால் வரும். ஈரப்படுத்திவிட்டால் சேறு, அவ்வளவுதான். பெசன்ட் நகர் கடற்கரைக்கு வாரம் ஒரு முறை போய்வரும் குடும்பத்தின் காரைச் செய்து பார்த்தால் இது புரியும். வேக்யூமை மேலோட்டமாக ஓட்டினால் கார்பெட் சுத்தமாகத் தெரியும். உள்ளங்கையால் ஓங்கித் தட்டுங்கள், அடியிலிருந்து மணல் துள்ளி மேலே வந்து மினுங்கும்.

இதற்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் வேக்யூம் மூக்கு, இன்னொரு கையில் பிரஷ். பிரஷால் நாரை எதிர்த்திசையில் கிளப்பிவிட்டு, கிளம்பியதை உடனே உறிஞ்ச வேண்டும். ஒரு அடி தூரத்தை நாலைந்து விநாடி எடுத்து மெதுவாக இழுங்கள். பிறகு தட்டுங்கள், மறுபடி இழுங்கள், இப்போது குறுக்குவாட்டில். தட்டினால் மணல் வருகிற வரை இது ஓயாது. சின்ன ஏர் கம்ப்ரசர் இருந்தால் காற்றைச் சாய்வாக அடித்துக் கிளப்பலாம், சீட் தண்டவாளத்துக்கும் பெடலுக்குப் பின்னாலும் அதுதான் வழி. பாதி நேரம் இந்த உலர்ந்த வேலையிலேயே போனாலும் சரியான கணக்குதான். கடல் மணலில் உப்பு இருக்கிறது, மிச்சம் விட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துச் சீட் போல்ட்டையும் தகட்டையும் அரிக்கும்.

விபூதி, குங்குமம் சிந்தியிருந்தாலும் இதே முறைதான். கையால் துடைக்கவே கூடாது. மூக்கை ஒரு விரல் உயரத்தில் பிடித்துத் தொடாமல் உறிஞ்சுங்கள்.

ஈர வேலைக்கு வருவோம். கார்பெட்டை நாலு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் மருந்தை அடித்து வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போகாது என்றால், மருந்தைப் பிரஷின் மேலோ கார்பெட்டின் மேலோ லேசாக அடியுங்கள். மேல் நார் நனைய வேண்டும், விரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறி வரக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், காயவிட வேண்டாம். பிரஷை அழுத்தாமல் நாலு திசையிலும் போடுங்கள். விலை குறைந்த கார்களின் கார்பெட் பின்னல் இல்லாமல் ஊசியால் குத்திச் சேர்த்த நார், அழுத்தித் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக எழும்பிவிடும். அது திரும்பப் படியாது.

நுரை பழுப்பாக வந்ததும் ஈர வேக்யூமால் உறிஞ்சுங்கள். அடுத்து வெறும் தண்ணீரை லேசாக அடித்து மறுபடி உறிஞ்சுங்கள். உறிஞ்சிய தண்ணீர் டாங்கில் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள், தேநீர் நிறம் போய் வெளிறும் வரை அலச வேண்டும். கடைசி அலசலில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்னக் கப் வெள்ளை வினிகர் சேர்த்தால் மிச்ச சோப்பு முறிந்து நார் மென்மையாகும். வினிகர் வாசம் காய்ந்ததும் போய்விடும். உறிஞ்சும்போது மூக்கை அழுத்திப் பிடித்துத் தண்ணீர் இல்லாமல் வெறுமனே இரண்டு தடவை இழுங்கள். கடைசியில் காய்ந்த துணியை வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். துணி வெறும் குளிர்ச்சியோடு வந்தால் சரி, நனைந்து வந்தால் இன்னும் உறிஞ்ச வேண்டும்.

நம் ஊர்க் கறைகள்

அதிகம் படுத்துவது இட்லி மாவு. கடையில் வாங்கிய பாக்கெட் சீட்டுக்கு அடியில் உருண்டு வெடித்திருக்கும், இரண்டு நாள் கழித்து நாற்றம் வந்தபிறகுதான் தெரியும். மாவு ஈரமாக இருந்தால் பிளாஸ்டிக் கார்டால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். காய்ந்திருந்தால் முதலில் நனைக்காதீர்கள், பிரஷால் உடைத்துப் பொடியாக வேக்யூமில் எடுங்கள், பெரும்பகுதி அப்படியே வந்துவிடும். மிச்சத்துக்குப் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் விட்டால் அரிசி மாவு வெந்து பசையாகும், உளுந்தின் புரதம் நாரோடு இறுகும். பிறகு என்சைம் கிளீனரை மாவு போன ஆழத்துக்கு விட்டு, மேலே ஈரத்துணி போர்த்திக் கேனில் சொன்ன நேரம் வரை விடுங்கள். என்சைம் ஈரமாக இருக்கும் வரைதான் வேலை செய்யும். அதன்பின் அலசி உறிஞ்சுங்கள். பால், வாந்தி, ரத்தம் எல்லாவற்றுக்கும் இதே வழி, பச்சைத் தண்ணீரும் என்சைமும். வாசனைத் திரவியம் அடித்து மறைத்துக் கொடுப்பது வேண்டாம், வெயிலில் நின்றால் இரண்டு வாடையும் சேர்ந்து வரும்.

ஆனால் மாவு ஃபெல்ட் வரை இறங்கியிருந்தால் மேலிருந்து எதைச் செய்தாலும் போகாது. சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கினால்தான் உண்டு. அதை வாடிக்கையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சாம்பார், குருமா என்றால் மஞ்சள். வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தில் சிவக்கும். நம் கிளீனர்களில் பெரும்பாலானவை காரத்தன்மை உள்ளவை, அடித்ததும் கறை ரத்தச் சிவப்பாகி வாடிக்கையாளர் பதறுவார். பயப்பட வேண்டாம், வினிகர் தண்ணீர் அடித்தால் மஞ்சளுக்குத் திரும்பும். எண்ணெயைக் கிளீனரால் எடுத்து, வினிகரால் அலசி, மிச்ச மஞ்சளை வெயிலிடம் விடுங்கள். கதவைத் திறந்து நேர் வெயில் படும்படி சில நாள் நிறுத்தச் சொன்னால் வெளிறிப்போகும்.

சபரிமலை சீசனில் வரும் கார்களில் நெய். உறைந்திருந்தால் வழித்தெடுத்து, சமையல் சோடாவைத் தூவி அரை மணி நேரம் விட்டு உறிஞ்சி, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்த மருந்து. சூயிங்கம்மின் மேல் ஐஸ் கட்டிப் பையை வைத்து, இறுகியதும் உடைத்தெடுங்கள்.

ஒரு கறை போய் மறுநாள் அதே இடத்தில் திரும்ப வந்தால், அடியில் இருந்த அழுக்கு, காயும் ஈரத்தோடு மேலே ஏறிவிட்டது என்று பொருள். மறுபடி நிறையத் தண்ணீர் விடாமல், லேசாக நனைத்து உறிஞ்சி, காய்ந்த துணி மடித்து வைத்து மேலே பாரம் ஏற்றிவையுங்கள். ஏறி வரும் அழுக்கைத் துணி வாங்கிக்கொள்ளும்.

எந்த ஈரம் கறையே இல்லை

முன் இடதுபக்கக் கால்வைக்கும் இடம் மட்டும் ஈரமாக, எதுவும் கொட்டாமலே நனைந்திருந்தால் ஏசி தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். தொட்டால் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாசமாகவும் இருந்தால் அது கூலன்ட் கசிவு. மழைக்குப் பின் ஈரம் என்றால் வைப்பருக்குக் கீழே வேப்பிலை அடைத்திருக்கிறதா, சன்ரூஃப் வடிகால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் கார்பெட்டைக் காயவைப்பது வீண், முதலில் மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல கார்கள் சீட் வரை முங்கின. அப்படி முங்கிய கார் வாசலில் செய்யும் வேலை இல்லை. சாக்கடை கலந்த தண்ணீர், கார்பெட்டை முழுதாக வெளியே எடுக்க வேண்டும், வயரிங்கைப் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி சர்வேயர் பார்க்கும் முன் கை வைத்தால் வாடிக்கையாளருக்குத்தான் நஷ்டம். பணம் நிறையக் கிடைக்கும் என்று தோன்றினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காயவைத்தல்

கதவு நாலையும் திறந்து, ஒரு ஃபேனைக் கார்பெட்டைப் பார்த்து வையுங்கள். காற்று ஓடினால்தான் ஈரம் போகும், வெறும் சூடு போதாது. முன் சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி அரை மணி, முன்னால் தள்ளி அரை மணி. காற்றில் ஈரம் அதிகமான நாளில் கதவைத் திறந்து வைப்பதில் பயன் குறைவு. திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏசியை உள்காற்று சுழலும் நிலையில் ஓட்டினால் ஏசியே ஈரத்தை இழுத்துக் கீழே சொட்டிவிடும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஓடும் இன்ஜினின் புகை அங்கே தங்கும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசம் இல்லாமல் ஆளை மயக்கிவிடும்.

மேட்டைத் திரும்பப் போடும்போது

டிரைவர் மேட்டில் பளபளப்புக்காக எந்த பாலிஷும் போடாதீர்கள். பெடலிலும் வேண்டாம். செருப்பு வழுக்கும். மேட்டின் ஓட்டைகளைக் காரின் கொக்கியில் மாட்டி, பெடலை முழுதாக அழுத்திவிட்டு, எங்கும் தட்டவில்லை என்று கையால் பாருங்கள். பழைய மேட்டின் மேல் புது மேட்டைப் போட்டிருந்தால் ஒன்றை எடுத்து டிக்கியில் வைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், வேறு மாடலுக்கான ரப்பர் மேட் கொக்கியில் மாட்டாமல் கிடந்த ஒரு லெக்சஸ் காரில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களுக்கு மேட் தொடர்பான எச்சரிக்கையும் திரும்ப அழைப்பும் விட்டது. ஒவ்வொரு காரிலும் மேட்டை எடுத்துப் போடுகிறவர் நீங்கள், அந்தக் கொக்கி உங்கள் பொறுப்பு.

ஒப்படைக்கும்போது எந்தக் கறை போனது, எது குறைந்தது, எது போகாது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். அன்று இரவு பாதுகாப்பான இடமாக இருந்தால் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவைக்கச் சொல்லுங்கள். முழுதாகக் காயும் வரை 7டி மேட்டைப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது மூடி போட்டது மாதிரி ஈரத்தை அடைத்துவிடும். மறுநாள் மாலை ஒரு போன் போட்டு "வாடை ஏதும் வருதா சார்?" என்று கேளுங்கள்.

அழுக்குத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் கொட்டாமல், வீட்டுக்காரரிடம் கேட்டுக் கழிவறையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஊற்றுங்கள். வேக்யூம் டாங்கையும் குழாயையும் அன்றே அலசிக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த காரில் சுவிட்ச் போட்டதும் நேற்றைய மாவு நாற்றம்தான் முதலில் வெளியே வரும்.